ஈரத்தில் போன விமானம்

நண்பர்களே, போரில் விழுந்த விமானங்களை நாடே எண்ணிப் பார்க்கும். எதிரியே இல்லாத நாளில், பயிற்சியில் விழுபவற்றை யார் எண்ணுகிறார்கள்? கொரியச் சண்டை ஓய்ந்தபின் வந்த 1954ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையும் அதன் மரைன் படையும் விபத்துகளில் இழந்தவை 776 விமானங்கள்.

சரி, அது பழைய காலம். 2008 பிப்ரவரி 23க்கு வருவோம். குவாம் தீவின் ஆண்டர்சன் தளத்திலிருந்து ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் கிளம்புகிறது. உலகத்தில் மொத்தமே 21 செய்தார்கள். இது ஒன்றின் மதிப்பே சுமார் 140 கோடி டாலர். காற்றழுத்தத்தை அளக்கும் 24 சென்சார்களில் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அந்த ஈரத்தோடே அளவைச் சரிசெய்துவிட்டார்கள். அப்புறம் ஹீட்டரைப் போட்டதும் ஈரம் காய்ந்தது, அளவு தப்பிப்போனது. அந்த அளவை வைத்து வேகத்தைத் தப்பாகக் கணித்த கணினி, தரையை விட்டதுமே மூக்கை ஏகத்துக்கும் மேலே தூக்கியது. இடது இறக்கை தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்துபோனது.

என் மனம் ஆறாத இடம் இனிதான் வருகிறது. முதலில் ஹீட்டரைப் போட்டு உலர்த்திவிட்டு அளவைச் சரிசெய்தால் போதும் என்று, 2006லேயே சில பராமரிப்பு ஊழியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அது கையேட்டில் ஏறவில்லை. தெரிந்தவர்களோடு நின்றுவிட்டது.

ஒரு படைக்குள் பேச்சு எளிதாக மேலே போகாது. பதவி தடுக்கும், தண்டனைப் பயம் தடுக்கும். அதனால்தான் அமெரிக்கப் படைகளில் விபத்துக்கு இரண்டு விசாரணை வைக்கிறார்கள். அதில் ஒன்றான பாதுகாப்பு விசாரணையில் ரகசிய உறுதி பெற்று ஒருவர் சொன்னதை, அவரைத் தண்டிக்கப் பயன்படுத்தக் கூடாது. இந்த ஒரு விதியை நான் எந்தப் புதுக் கருவிக்கும் மேலாக வைப்பேன்.

கார்ல் வின்சன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், ஒரு சாதாரண மாலுமி தன் கருவி ஒன்றை மேல்தளத்தில் தொலைத்துவிட்டார். ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சினால் கதை முடிந்தது. அவர் மறைக்காமல் சொன்னார். வானத்தில் இருந்த விமானங்களையெல்லாம் கரைக்குத் திருப்பிவிட்டுத் தேடினார்கள். கருவி கிடைத்தது. மறுநாள் அதே மேல்தளத்தில், எல்லோர் முன்னிலையிலும், தொலைத்த அந்த மாலுமியைப் பாராட்டினார்கள்.