கேற்றிலுக்குள்ள ஒரு மிருகம்: ஆங்கில மரபுத்தொடர் விளக்கம்

[காட்சி: கேற்றிலின்ர உள்பக்கம், கிட்டத்தில. அடியில வெள்ளைப் படை.]

குரல்: அடியில படிஞ்சு கிடக்கிறது சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது; கொதிக்க வைச்சால் படியத்தான் செய்யும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைச்சால் கழரும், பிறகும் வரும். இதைப் பார்த்து ஆங்கிலத்தில சொல்லுவினம்: “இற்ஸ் த நேச்சர் ஒவ் த பீஸ்ற்.”

[திரையில் எழுத்து: அது அந்த மிருகத்தின்ர சுபாவம்]

சொல்லுக்குச் சொல்லு இதுதான். ஆனால் மிருகமும் இல்லை, ‘நேச்சர்’ எண்டது காடு மலையும் இல்லை. இந்த விசயத்தோட கூடப் பிறந்த கரைச்சல் இது, விசயம் வேணுமெண்டால் கரைச்சலையும் ஏற்கவேணும் எண்டதுதான் கருத்து. 17ஆம் நூற்றாண்டிலயே ஆங்கிலத்தில இருந்த தொடர்.

[காட்சி: பனை, உச்சி வட்டில கட்டின முட்டி.]

கள்ளுச் சீவிறவர் காலையும் பின்னேரமும் மரம் ஏறவேணும். பாளையைச் சீவாமல் விட்டால் ஊறிறது நிண்டுபோம். அந்த ஏற்றம், மிருகத்தின்ர சுபாவம். கள்ளு புளிக்கிறதோ? முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, கருப்பணியா இறக்கலாம். தடுக்க வழி இருக்கிறதுக்கு இந்தத் தொடர் ஒட்டாது.

கனபேர் பிழை விடுற இடமும் இதுதான். கோடையில கிணறு உவர்க்குது எண்டு வையுங்கோ. இஞ்ச நல்ல தண்ணி, கீழ இருக்கிற உவர்த் தண்ணிக்கு மேல மிதந்து நிக்குது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர் மேல ஏறும். அதுக்குப் போய் ‘நேச்சர் ஒவ் த பீஸ்ற்’ எண்டால் அது வெறும் சாட்டு.

“நாய் வாலை நிமிர்த்தேலாது” எண்டதை இதுக்கு நேராப் போடாதேங்கோ. அது ஆளைக் குத்திற கதை. அதுக்கு ஆங்கிலத்தில சிறுத்தை தன்ர புள்ளியை மாத்தாது எண்டு வேற தொடர் இருக்கு, எரேமியா 13:23இல இருந்து வந்தது. தமிழ் வேதாகமத்தில அந்தச் சிறுத்தை ‘சிவிங்கி’.

[திரையில்: இற்ஸ் / தற்ஸ்]

வசனம் பெரும்பாலும் ‘இற்ஸ்’ அல்லது ‘தற்ஸ்’ எண்டுதான் தொடங்கும். ‘ஹீ இஸ்’ எண்டு ஆளை வைச்சுத் தொடங்கக்கூடாது. பீஸ்றுக்குப் பதிலா ‘அனிமல்’ போட்டால் மரபுத்தொடராக் கேக்காது. ‘பீ’யை நல்லா நீட்டுங்கோ, குறுக்கினால் ‘பெஸ்ற்’ எண்டு கேட்டு, குறை சொல்ல வந்தது புகழ்ச்சியாப் போயிடும்.