முதலில் வக்கீல், அப்புறம் சமரச மேசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கணவனும் மனைவியும் பிரிவது என்று முடிவான பின் முதலில் போக வேண்டியது வக்கீலிடமா, சமரச மையத்துக்கா?" என்ற தலைப்பில் நான் வக்கீல் அணி. எதிரணியில் இப்போதே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், இதற்கு நான் ஃபீஸ் வாங்கவில்லை.

எதிரணித் தலைவர் சமரசத்தின் பெருமையை, அதாவது ஒரு மத்தியஸ்தர் முன் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதன் பெருமையை, அழகாகச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் வந்துவிட்டது, 2023-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது, அங்கே பேசியது வெளியே போகாது. எல்லாம் சரி. ஆனால் அந்த மேசையில் உட்காரும் இரண்டு பேருக்கும் ஒரே அளவு விவரம் தெரியுமா? பிஎஃப் எவ்வளவு, ஊரில் வாங்கிப் போட்ட மனை யார் பேரில் என்பதெல்லாம் பல வீடுகளில் ஒருவருக்குத்தான் தெரியும். மத்தியஸ்தரோ நடுநிலையானவர். "அம்மா, நீங்கள் குறைத்துக் கேட்கிறீர்கள்" என்று அவர் ஒரு பக்கம் காதைக் கடித்தால் நடுநிலை அங்கேயே போச்சு. அதைச் சொல்ல உங்களுக்கென்று ஓர் ஆள் வேண்டும்.

ஜீவனாம்ச வழக்கு என்றால் இருவருமே சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவே போடாமல் நேராகப் பேசப் போனால் அந்தப் பத்திரத்தை யார் கேட்பது?

ஒரு ஒப்பந்தத்தைப் பார்ப்போம். வீட்டுக் கடன் இருவர் பேரிலும் இருக்கிறது. "இனி இஎம்ஐ முழுவதும் கணவரே கட்டுவார்" என்று ஒரு வரி. இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. வங்கி போட்டதா? இல்லை. அவர் மூன்று தவணை கட்டாமல் விட்டால் நோட்டீஸ் அந்த அம்மாவுக்கும் வரும், சிபில் மதிப்பெண்ணும் விழும். இதை முதலிலேயே பார்த்து, "கடனை அவர் பேருக்கு மாற்றிய பிறகு கையெழுத்து" என்று சொல்வதுதான் வக்கீல் வேலை.

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவையும் எடுத்துக் காட்டினார்கள். வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமை இல்லை என்கிறது அந்தப் பிரிவு. வக்கீலிடம் யோசனை கேட்கக் கூடாது என்று எங்கே சொல்கிறது? செலவுக்குப் பயமா? 1987-ன் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

"வக்கீல் இழுத்தடிப்பார்" என்றார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், யார் இல்லை என்றது? ஆனால் பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்ததே, அதற்கு எப்போது, எப்படி மனுப் போடுவது என்று யார் சொல்வார்கள்? பக்கத்து வீட்டு மாமாவா?

எதிரணியிலிருந்து அடுத்து வரும் சகோதரி, அந்த இஎம்ஐ நோட்டீஸுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். நன்றி, வணக்கம்.