செக்-இன் கவுன்டரில் தொடங்கும் எல்லை

[திரையில்: விமான நிலைய செக்-இன் கவுன்டர். ஊழியர் ஒருவர் கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டுகிறார்.]

விமானத்தில் ஏறுவதற்கு முன் நமது கடவுச்சீட்டில் விசாவைத் தேடும் அந்த ஊழியர் குடிவரவு அதிகாரி அல்லர். ஆனாலும், உரிய ஆவணம் இல்லாத ஒருவரை அவர் ஏற்றி அனுப்பிவிட்டால், போய்ச் சேரும் நாட்டின் அரசு அவருடைய நிறுவனத்திடம் அபராதம் கேட்கும். பிரிட்டனில் இந்த முறை சட்டமான வரலாற்றில் ஈழத்தமிழருக்கு நேரடியான இடம் உண்டு.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் தஞ்சம் தேடி வரத் தொடங்கியபோது, பிரிட்டன் 1985இல் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள்மீது அது அத்தகைய கட்டுப்பாட்டை விதித்தது அதுவே முதல் முறை. 1987 பிப்ரவரியில், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள், விமானத்தில் ஏற மறுத்து, ஓடுதளப் பகுதியிலேயே உடைகளைக் களைந்து போராடினார்கள். கடுங்குளிரில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதையே நாம் நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் புதிய மசோதாவை அறிவித்தார்.

[திரையில்: 1,000 பவுண்டு, பின்னர், 2,000 பவுண்டு.]

அவ்வாண்டே நிறைவேறிய அச்சட்டத்தின்படி, செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ, தேவைப்படும் விசாவோ இல்லாமல் வந்திறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் கப்பல் அல்லது விமான நிறுவனம் 1,000 பவுண்டு செலுத்த வேண்டும். 1991இல் இத்தொகை இரட்டிப்பானது. ஏறும்போது பயணி ஆவணத்தைக் காட்டியிருந்து, அது போலி என்பது சாதாரணக் கவனத்துக்கு எட்டாததாக இருந்தால் நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய ஊழியர், சந்தேகம் எழுந்தால் பயணியை ஏற்ற மறுப்பதே நிறுவனத்துக்குப் பாதுகாப்பானது. ஏற்றினால் அபராதம், தவறாக மறுத்தாலோ, பெரும்பாலும் ஒரு பயணச்சீட்டின் விலை மட்டுமே இழப்பு.

இங்கேதான் என் கவலை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, உயிருக்கு அஞ்சி நேராக வந்து உடனே அதிகாரிகள்முன் தோன்றும் அகதியை, ஆவணமின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தன்னைத் துன்புறுத்தும் அரசிடமே போய்க் கடவுச்சீட்டு கேட்க முடியாதவரும் உண்டு என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். அபராதச் சட்டம் அகதியைத் தொடுவதில்லை. அவரை ஏற்றி வருபவரைத் தொடுகிறது. தஞ்சம் கோருவதற்கென்று பிரிட்டன் விசா எதுவும் வழங்குவதில்லை என்பதால், இவ்விரண்டும் சேரும்போது அவருக்கு முறையான வழி அடைபடுகிறது.

இதே முறை பிற நாடுகளிலும் உண்டு. இந்தியா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறை அபராதங்களுக்குப் பொதுவான அளவுகோலை வகுத்ததோடு, பாதுகாப்புக் கோருவோர் தொடர்பான நாடுகளின் கடமைகளை இது பாதிக்காது என்றும் சேர்த்துக்கொண்டது.

[திரையில்: காலியான பயணிகள் வரிசை.]

அந்த வாசகம் வந்து சேர்ந்தவருக்கே உதவும். கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டவரோ, தன் அச்சத்தை எந்த அதிகாரியிடமும் சொல்லாமலே, மேல்முறையீடு செய்ய ஓர் உத்தரவுகூடக் கையில் இல்லாமல், தான் தப்ப நினைத்த ஊருக்குள்ளேயே நடந்து போகிறார்.