தள்ளுபடி யார் பணம்? இந்திய ஆன்லைன் கடைகள் வளர்ந்த கதை

[திரையில்: பாதி திறந்த கதவு. வெளியே டெலிவரி பையோடு ஒருவர், உள்ளேயிருந்து நீளும் ஒரு கை.]

முந்நூறு ரூபாய்க்கு ஒரு டி-ஷர்ட் ஆர்டர் செய்கிறீர்கள். டெலிவரி இலவசம். பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கே வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்போது அந்தச் சட்டை வந்த வழியை யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் ஒருவர் தைத்திருக்கிறார். குடோனில் ஒருவர் எடுத்துப் பேக் செய்திருக்கிறார். இரவு முழுக்க ஒரு லாரி ஓடியிருக்கிறது. காலையில் ஒருவர் வண்டியில் உங்கள் தெருவைத் தேடி வந்திருக்கிறார். இவர்களில் யாரும் சும்மா வேலை செய்யவில்லை. அப்படியென்றால் நமக்கு இலவசமாகக் கிடைத்ததற்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். யார்?

இந்தியாவில் ஆன்லைன் வியாபாரம் வளர்ந்த விதத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம். கால் நூற்றாண்டில் இதற்கான பதில் பல முறை மாறியிருக்கிறது. அது மாறிய ஒவ்வொரு முறையும் போட்டியில் முந்துகிறவரும் மாறியிருக்கிறார்.

[திரையில்: 1999]

பலர் ஃப்ளிப்கார்ட்தான் முதல் கடை என்று நினைக்கிறார்கள். இல்லை. 1999-லேயே பெங்களூரில் ஃபேப்மார்ட் தொடங்கிவிட்டது. 2000-இல் பாஸி டாட் காம் வந்தது, 2004-இல் அதை ஈபே வாங்கியது. ஆனால் அன்றைக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர். கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. கார்டு இருந்தவர்களுக்கும் முகம் தெரியாத கடைக்கு அந்த நம்பரைக் கொடுக்கப் பயம். பிற்பாடு இந்தியாபிளாசா என்று பெயர் மாறிய ஃபேப்மார்ட் 2013-இல் மூடப்பட்டது. சீக்கிரமே வந்துவிட்டவர்கள் அவர்கள்.

2007-இல் சச்சின் பன்சல், பின்னி பன்சல் இருவரும் பெங்களூரில் ஃப்ளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். குடும்பப் பெயர் ஒன்று, ஆனால் உறவினர்கள் அல்ல. இருவரும் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள், அமேசானில் வேலை பார்த்தவர்கள். முதலில் புத்தகம் விற்றார்கள். அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. புத்தகத்துக்கு அளவு பார்க்க வேண்டாம், உடையாது, கெட்டுப்போகாது, எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

ஆனால் கதை திரும்பிய இடம் 2010. அந்த ஆண்டுதான் ஃப்ளிப்கார்ட் 'கேஷ் ஆன் டெலிவரி' கொண்டுவந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இன்றுவரை இந்த வியாபாரத்தின் நன்மை தீமை இரண்டுக்கும் வேர் இதுதான். நம் ஊரில் பொருளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்போம். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்தாமல், வியாபாரம் தன்னை மாற்றிக்கொண்டது. "நீங்கள் எங்களை நம்ப வேண்டாம், நாங்கள் உங்களை நம்புகிறோம்" என்று கம்பெனி சொல்லிவிட்டது. கார்டே இல்லாத கோடிக்கணக்கான பேருக்குக் கதவு திறந்தது.

அப்புறம் வந்தது சிக்கல். வீடு வீடாகப் பணம் வசூலித்துக் கணக்குக் காட்டும் வேலைக்குப் பழைய கூரியர் ஏற்பாடு போதவில்லை. ஃப்ளிப்கார்ட் தானே ஈகார்ட் என்ற டெலிவரிப் பிரிவைக் கட்ட வேண்டியிருந்தது. முகவரி இன்னொரு தலைவலி. 1972 ஆகஸ்ட் 15 முதல் நமக்கு ஆறு இலக்க பின்கோடு இருக்கிறது, ஆனால் அது ஏரியாவரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து, பச்சை கேட்" என்று போனில் வழி சொல்ல வேண்டும். எந்தச் சந்து எங்கே என்று தெரிந்த டெலிவரி ஆட்கள்தான் உண்மையில் இந்த நிறுவனங்களின் பெரிய சொத்து. வெப்சைட்டை யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

இந்தச் செலவையெல்லாம் அப்போது கொடுத்தது யார்? முதலீட்டாளர்கள்.

[திரையில்: 2014. அலங்கரித்த லாரி, அதன் மேல் பெரிய காசோலை.]

2013 ஜூன் மாதம் அமேசான் இந்தியாவில் கடை திறந்தது. 2014 ஜூலை 29 அன்று, 100 கோடி டாலர் திரட்டியிருப்பதாக ஃப்ளிப்கார்ட் அறிவித்தது. மறுநாளே அமேசான், இந்தியாவில் 200 கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. சில வாரங்களில் ஜெஃப் பெசோஸ் பெங்களூருக்கு வந்து, அலங்கரித்த லாரியின் மேல் நின்று அந்தத் தொகைக்கான பெரிய மாதிரிக் காசோலையைக் கொடுத்தார். அக்டோபர் 6-இல் ஃப்ளிப்கார்ட்டின் முதல் 'பிக் பில்லியன் டே'. கூட்டம் தாங்காமல் தளம் திணறியது, போட்ட ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த வருடங்களில் நாம் வாங்கிய மலிவு விலைப் பொருள்களில் பாதி மலிவு, யாரோ தூரத்து முதலீட்டாளர் கொடுத்தது. அந்தப் பணம் நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு ஸ்னாப்டீல் என்ற இன்னொரு ஆன்லைன் கடை சாட்சி. 2016 தொடக்கத்தில் அதன் மதிப்பு 650 கோடி டாலர். அடுத்த ஆண்டே 100 கோடி டாலருக்கும் குறைவான விலைக்கு ஃப்ளிப்கார்ட்டிடம் விற்கப் பேச்சு நடந்து, அதுவும் முறிந்தது. சுமார் 40 கோடி டாலர் கொடுத்து ஸ்னாப்டீல் வாங்கிய ஃப்ரீசார்ஜ் என்ற மொபைல் ரீசார்ஜ் நிறுவனத்தை 385 கோடி ரூபாய்க்கு ஆக்சிஸ் வங்கியிடம் கொடுத்தார்கள். 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கியது. ஆக, முன்னணியில் இருந்த இரண்டு கடைகளுமே அமெரிக்க நிறுவனங்கள் கையில்.

சரி, இதில் அரசாங்கம் எங்கே வருகிறது? இந்திய விதிப்படி வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் நிறுவனம் தானே சரக்கு வாங்கி வைத்து நேரடியாக நமக்கு விற்கக் கூடாது. சந்தை நடத்தலாம், அவ்வளவுதான். சந்தைத் திடலின் சொந்தக்காரர் இடம் கொடுத்து வாடகை வாங்கலாம், தானே ஒரு கடை போடக் கூடாது என்பது போல. நடைமுறையில் என்ன நடந்தது என்றால், தளங்களுக்கு நெருக்கமான சில பெரிய விற்பனையாளர்கள் முளைத்தார்கள். ஃப்ளிப்கார்ட்டில் டபிள்யூ.எஸ். ரீடெய்ல், அமேசானில் கிளவுட்டெயில். 2016-இல் அரசு, ஒரே விற்பனையாளரிடமிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரக் கூடாது என்றது. 2019 பிப்ரவரி 1 முதல், தளத்துக்குப் பங்கு இருக்கும் நிறுவனம் அதே தளத்தில் விற்கக் கூடாது என்றும் இறுக்கியது. அன்றைக்கு அமேசானிலிருந்து ஏராளமான பொருள்கள் காணாமல் போயின. கிளவுட்டெயில் 2022-இல் மூடப்பட்டது. போட்டி ஆணையம் 2020-இல் ஃப்ளிப்கார்ட், அமேசான் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்தியர்கள் உரிமையும் கட்டுப்பாடும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. பத்து நிமிட டெலிவரி செய்யும் பிளிங்கிட்டை வைத்திருக்கும் எட்டர்னல் நிறுவனம் (முன்பு இதன் பெயர் சொமேட்டோ) 2025-இல் தன் வெளிநாட்டுப் பங்கை 49.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திக்கொண்டது இதற்காகத்தான், சொந்தமாகச் சரக்கு வைத்து விற்பதற்கு.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன்.

2016-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரையைத் தொட்டது. சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் புதிய வாடிக்கையாளர்கள் உள்ளே வந்தார்கள். இவர்கள் தேடியது விலை உயர்ந்த போன் இல்லை. முந்நூறு ரூபாய்க்குள் நைட்டி, குழந்தைக்குச் சட்டை, சமையலறைச் சாமான். இவர்களை முதலில் கண்டுகொண்டது 2015-இல் தொடங்கிய மீஷோ. வீட்டிலிருக்கும் பெண்கள் வாட்ஸ்அப்பில் படங்களைப் பகிர்ந்து, தங்கள் லாபத்தையும் சேர்த்து விற்கும் ஏற்பாடாகத்தான் அது வளர்ந்தது. 2021-இல் விற்பனையாளர்களிடம் கமிஷனே வாங்குவதில்லை என்று அறிவித்தது. விளம்பரமும் டெலிவரிக் கட்டணமும்தான் முக்கிய வருமானம். அதே ஆண்டு ஃப்ளிப்கார்ட், இதே வாடிக்கையாளர்களுக்காக 'ஷாப்ஸி' என்ற தனி ஆப்பை இறக்கியது. 2025-இல் அமேசானும் 300 ரூபாய்க்குக் கீழான 1.2 கோடிப் பொருள்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது.

கமிஷன் பூஜ்யம் என்றால் செல்லர் பிழைத்தார் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்.

[திரையில்: 100 பார்சல்கள்.]

திருப்பூரில் ஒரு சிறு செல்லர் 100 டி-ஷர்ட் அனுப்புகிறார். ஒன்று விற்றால் 30 ரூபாய் லாபம். அதில் 20 திரும்பி வருகின்றன. திரும்பும் ஒவ்வொன்றிலும் பேக்கிங், கட்டணம், அழுக்கான துணி என்று 70 ரூபாய் போகிறது. விற்ற 80-இல் லாபம் 2,400 ரூபாய். திரும்பிய 20-இல் நஷ்டம் 1,400. கையில் நிற்பது 1,000. இப்போது 20-க்குப் பதில் 30 திரும்புகின்றன என்று வையுங்கள். லாபம் 2,100, நஷ்டமும் 2,100. நூறு சட்டை அனுப்பி ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

செல்லர்கள் பேசும்போது இரண்டு வார்த்தை அடிக்கடி வரும். ஒன்று ரிட்டர்ன்: நாம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்புவது. இன்னொன்று ஆர்.டி.ஓ. வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் இல்லை. பார்சலை நாம் வாங்காமலேயே அது புறப்பட்ட இடத்துக்கே போவது. கேஷ் ஆன் டெலிவரியில் நாம் ஒரு பைசாவும் கொடுத்திருக்கவில்லை, அதனால் "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு எந்தச் செலவும் இல்லை. எந்தத் தளம் எந்தக் கட்டணத்தைச் செல்லரிடம் பிடிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் சரக்கு பத்து நாள், பதினைந்து நாள் வழியிலேயே முடங்கிக் கிடப்பது எல்லாத் தளத்திலும் அவருடைய முதல்தான். தீபாவளிக்கு அனுப்பிய சட்டை தீபாவளி முடிந்த பிறகு திரும்பி வந்தால் அதை யாரிடம் விற்பார்?

2010-இல் கம்பெனி நமக்குக் கொடுத்த அந்த நம்பிக்கையின் விலையை, இன்று பெருமளவில் பெயர் தெரியாத சின்ன செல்லர் கட்டுகிறார். தளங்களுக்குள் எவ்வளவு போட்டி இருக்கிறதோ, அதைவிடக் கடுமையான போட்டி ஒரே தளத்துக்குள் ஒரே டி-ஷர்ட்டை விற்கும் செல்லர்களுக்குள் நடக்கிறது. ஐந்து ரூபாய் குறைத்தவர் மேலே வருகிறார். அரசு இவர்களுக்கென்று செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும்: 2023 அக்டோபர் வரை, கடையில் விற்றால் 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனால் ஆன்லைனில் ஒரே ஒரு பொருள் விற்றாலும் தேவை. மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இப்போது நீங்கிவிட்டது.

[திரையில்: இரவு. ஷட்டருக்கு வெளியே வரிசையாக நிற்கும் இருசக்கர வண்டிகள்.]

கடைசியாக, பத்து நிமிட டெலிவரி. 2013-இல் குரோஃபர்ஸ் என்று தொடங்கியது 2021-இல் பிளிங்கிட் ஆனது, 2022-இல் சொமேட்டோ அதை வாங்கியது. ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட், 2021-இல் வந்த ஜெப்டோ, பிறகு ஃப்ளிப்கார்ட்டும் அமேசானும். இதன் சூட்சுமம் 'டார்க் ஸ்டோர்'. வாடிக்கையாளர் நுழையாத கடை அது. குடியிருப்புகளுக்கு நடுவே சில ஆயிரம் பொருள்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சுற்றி ஓரிரு கிலோமீட்டர்தான் எல்லை. வேகம் தூரத்தைக் குறைத்ததால் வந்தது என்று நிறுவனங்கள் சொல்கின்றன, அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மழையிலும் டிராஃபிக்கிலும் அந்த ஓரிரு கிலோமீட்டரை ஓட்டுகிறவர் மாதச் சம்பளக்காரர் இல்லை. பெட்ரோல் அவருடையது, வண்டி அவருடையது, விழுந்து எழுந்தால் அந்த நாள் கூலியும் அவருடையதுதான்.

2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது அதன் உச்சவரம்பு. அந்தப் பணத்தைக் கம்பெனி தன் லாபத்திலிருந்து எடுக்குமா, நம்முடைய பில்லில் சேர்க்குமா, செல்லரிடம் இன்னொரு கட்டணமாகப் பிடிக்குமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் பார்ப்பவர்களில் செல்லர்களோ ரைடர்களோ இருந்தால் உங்கள் கணக்கைக் கீழே எழுதுங்கள். ஒரு பார்சலுக்கு என்ன நிற்கிறது, ஒரு ரிட்டர்னுக்கு என்ன போகிறது. நான் வைத்துக்கொண்ட எண்களை எடுத்துவிட்டு, அடுத்த வீடியோவை உங்கள் எண்களில் தொடங்குகிறேன்.