காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

(தலைப்பு: ஹாம்லெட்டின் பித்து நடிப்பா, நிஜமா? 'நடிப்பே' அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, ரெண்டு அணித் தோழர்களே, மழைக்கு ஓடாம உக்காந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களே, வணக்கம்.

எதிரணித் தம்பி ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. "அக்காவுக்கு எல்லாமே நடிப்பாத்தான் தெரியும். வீட்டுல அத்தான் காது கேக்காத மாதிரி நடிக்கிறதப் பாத்துப் பாத்து வந்த பழக்கம்"னு. நீங்களும் கைதட்டினீங்க. யார் யாருன்னு பாத்து வச்சிருக்கேன்.

ஆமா தம்பி, நடிக்கிறாரு. 22 வருஷமா. "ஏங்க, சிலிண்டர் தீந்துபோச்சு"ன்னு அடுப்படியில இருந்து கத்துவேன். பேப்பர் ஒரு பக்கம் புரளும். "ஏங்க!" அடுத்த பக்கம். விளையாட்டுச் செய்தி முடியுற வரைக்கும் நான் கத்தணும். ஒருநாள் கதவைச் சாத்திக்கிட்டு எங்கம்மாகிட்ட போன்ல ரகசியமா, "சீட்டு எடுத்துட்டேம்மா, அவருக்குத் தெரிய வேணாம்"னு சொல்றேன். அவரு மொட்டை மாடியில தண்ணித்தொட்டி கழுவிட்டிருக்காரு. மோட்டார் ஓடுது. ஈரக்காலோட தடதடன்னு இறங்கி வந்து கேட்டாரு பாருங்க: "தள்ளு போக கைக்கு எவ்வளவு வந்துச்சு?"

ஐயா, மொட்டை மாடி! மோட்டாரு! சாத்தின கதவு!

இந்த மனுஷனைப் பாக்காமலே ஷேக்ஸ்பியர் 1600-ஐ ஒட்டி 'ஹாம்லெட்' நாடகத்துல எழுதிட்டாரு. ராஜா வேவு பாக்க அனுப்பின பழைய சிநேகிதங்க ரெண்டு பேருகிட்ட இளவரசன் ஹாம்லெட் சொல்றான்: "வட-வடமேற்குல காத்தடிச்சாத்தான் எனக்குப் பித்து. தெக்கத்திக் காத்து வீசினா பருந்து எது, ரம்பம் எதுன்னு நல்லாவே தெரியும்." எங்க வீட்டுல அடுப்படிக் காத்து அடிச்சா செவிடு. சீட்டுக் காத்து அடிச்சா பாம்புக் காது!

முதல் அங்கத்துலயே, அப்பாவோட ஆவியைப் பாத்த கையோட, "இனிமே நான் கிறுக்கன் மாதிரி நடந்துக்குவேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க"ன்னு சிநேகிதன் ஹொரேஷியோகிட்டயும் காவக்காரன் மார்செல்லஸ்கிட்டயும் வாள் மேல சத்தியம் வாங்குறான். ஏன் தம்பி, முன்கூட்டி ஆளுக்குத் தகவல் சொல்லிட்டா பைத்தியம் புடிக்கும்? "இது பித்துதான், ஆனா இதுல ஒரு ஒழுங்கு இருக்கே"ன்னு ராஜாவோட மந்திரி பொலோனியஸ் கிழவரே முணுமுணுக்கிறாரே!

"கடைசி அங்கத்துல பொலோனியஸ் மகன் லேயர்ட்டீஸ்கிட்ட, உனக்குத் தீங்கு செஞ்சது நானில்ல, என் பித்துன்னு சொல்றானே, அதுக்கு என்ன பதில்?"னு எதிரணித் தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னால மூணாவது வரிசையில அந்த நீலச்சட்டையைப் பாருங்க. இவ்வளவு பேர் சிரிக்கிறீங்க, அவரு மட்டும் மின்விசிறியைப் பாத்துட்டிருக்காரு. காது கேக்கலையாம்!

மணி அடிச்சிட்டீங்களா? ஒரு நிமிஷம் ஐயா. லேயர்ட்டீஸை விடுங்க. அவன் தங்கச்சியைப் பத்தி மட்டும் சொல்லிட்டு உக்கார்றேன்.

ஒஃபிலியா. அவ யாருகிட்டயும் சத்தியம் வாங்கல. ஒருநாள் பாடிக்கிட்டே அரண்மனைக்குள்ள வர்றா. அவ அப்பன் பொலோனியஸைக் கொன்னது, அவ ஆசை வச்ச ஹாம்லெட்டே. கையில இருக்கிற செடியையும் பூவையும் ஆளுக்கொண்ணா குடுக்குறா. "இது ரோஸ்மேரி, ஞாபகத்துக்கு. வயலட்டும் குடுத்திருப்பேன், எங்கப்பா செத்தப்ப எல்லாம் வாடிப்போச்சு."

எங்க மாமியாருக்குக் கடைசி ரெண்டு வருஷம் நினைவு தப்பிப்போச்சு. கட்டில்ல உக்காந்து பழந்துணியை மடிச்சு மடிச்சு வர்றவங்க கையில குடுப்பாங்க. "இது உனக்கு. இது பெரியவளுக்கு." பெரியவள்னா எங்க நாத்தனார். அவங்க போய்ச் சேந்து அப்பவே 11 வருஷம். அதையும் வாங்கி வச்சுக்குவோம்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பின்கட்டுல இருந்து "தம்பி"ன்னு கூப்புடுவாங்க. குரல் வராது, வெறும் காத்துதான் வரும். நடுவுல ரெண்டு கதவு. எனக்கு ஒருநாளும் கேட்டதில்ல.

நான் முழிச்சுப் பாக்குறப்ப பக்கத்துல பாய் காலியா இருக்கும்.

வணக்கம்.