கை ஊன்றாமல் எழ முடிகிறதா?

நடுவர் அவர்களே, வணக்கம். முதுமையில் உடலையும் மூளையையும் காப்பது நடைப்பயிற்சியா, தசைப் பயிற்சியா? தசைப் பயிற்சிதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி ஐயா, "தினம் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், எழுபது வயதில் எடை தூக்கினால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்" என்றார்.

நடையை நான் குறை சொல்லவில்லை. இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் என் அம்மா எட்டு வருடம் தவறாமல் நடந்தவர். ஒருநாள் குளியலறையில் தாழ்வான ஸ்டூலிலிருந்து எழப் பார்த்து அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. தொடையில் வலு இல்லை, அவ்வளவுதான்.

வயசானால் அப்படித்தான் என்கிறோம். பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. 86 முதல் 96 வயது வரை 10 பேர். வாரம் மூன்று நாள் காலுக்கு எடை வைத்துப் பயிற்சி, மொத்தம் எட்டே வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்த 9 பேருக்கும் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடைத் தசையே 9 சதவீதம் பெருத்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசை, ஐயா!

சரி, மூளை? கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுள்ள 155 பெண்களை ஓராண்டு கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடைப் பயிற்சி செய்தவர்கள், கவனம் சிதறாமல் விடை சொல்லும் சோதனையில் முன்னேறினார்கள். சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. இதனால் மறதி நோயே வராது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

இடுப்பு பிடிக்கும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் யாரும் முதல் நாளே இருபது கிலோவைத் தூக்கச் சொல்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். அது சுலபமானதும் கையில் தண்ணீர் பாட்டில், அப்புறம் கொஞ்சம் கூடுதல் எடை. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2020இல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடையோடு சேர்த்து, வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்றது.

எதிரணி ஐயா, நாளைக் காலை நடக்கக் கிளம்பும் முன், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். என் அம்மா இப்போது பன்னிரண்டு முறை எழுகிறார்.