எடல்வைஸ் இரண்டாம் முறை ஒலிக்கும்போது

(திரையில்: ஆல்ப்ஸ் மலைச்சரிவுகள், வானிலிருந்து)

வணக்கம். பச்சைப் புல்வெளியில் கைகளை விரித்துச் சுழலும் ஒரு பெண். படத்தைப் பார்க்காதவர்களும் இந்தக் காட்சியை அறிவார்கள். 1965இல் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் வெளியான ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’. இதை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தார்கள். அது வளைந்து திரும்பும்போதெல்லாம் கிளம்பிய காற்று, நாயகியாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸைப் புல்லில் தள்ளிவிட்டது. அவர் எழுந்து மீண்டும் ஓடிவந்தார். திரையில் நமக்குத் தெரிவது அந்த மலர்ந்த முகம் மட்டும்தான்.

ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகள். ஆனாலும் ‘குழந்தைகளுக்கான இனிப்புப் படம்’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டு அற்றுப்போன ஒரு வீட்டுக்குப் பாட்டு திரும்பி வருகிறது; அது வேர்விடுவதற்குள் அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் நாடே பறிபோகிறது. இந்தக் கதையில் இனிப்பைவிட வலிதான் அதிகம்.

(திரையில்: ஏரிக்கரை மாளிகை)

மனைவியை இழந்த கடற்படை அதிகாரி கேப்டன் வான் ட்ராப். ஏழு குழந்தைகளையும் விசிலடித்து வரிசையில் நிறுத்துகிறார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கன்னியர் மடத்திலிருந்து வருகிறாள் மரியா. அவள் கற்றுக்கொடுக்கும் ‘டோ ரே மி’ பாடலை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆஸ்திரிய நகரமான சால்ஸ்பர்க்கின் மிராபெல் தோட்டத்துப் படிகளில் ஸ்வரங்களுக்கேற்ப அவர்கள் ஏறி இறங்குவது அழகுதான்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு காட்சி. வெளியில் கேப்டன் மரியாவோடு கடுமையாகச் சண்டையிட்டு, அவளை வேலையைவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார். அந்த நேரம் உள்ளே குழந்தைகள் பாடுகிற சத்தம் கேட்கிறது. அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் நடந்துபோய் நின்று கேட்கிறார். பிறகு, தன்னையும் அறியாமல், அவரும் பாடத் தொடங்குகிறார். குழந்தைகள் திகைத்து அவரைப் பார்க்கிறார்கள். அப்பாவுக்குப் பாட வரும் என்பதையே அந்த வீடு மறந்திருந்தது. கேப்டனாக நடிக்கும் கிறிஸ்டோபர் பிளம்மர் அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். பாட்டுக் குரல் அவருடையது அல்ல, பில் லீ என்ற பாடகருடையது. ஆனால் அந்தத் தயக்கம் முழுக்க முழுக்கப் பிளம்மருடையது.

(திரையில்: 1938ஆம் ஆண்டு ஐரோப்பிய வரைபடம்)

வரலாறு இந்தப் படத்துக்குள் பீரங்கி முழக்கத்தோடு வரவில்லை, சைக்கிளில் வருகிறது. தந்தி கொண்டுவரும் ரோல்ஃப் மூத்த மகள் லீசலோடு மழையில் ஆடிப்பாடியவன். 1938 மார்ச் 12 அன்று ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அதன்பின் நாம் காணும் ரோல்ஃப், அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்க நேரமில்லாதவன். வீட்டு வாசலில் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி தொங்குகிறது. கேப்டன் அதைக் கிழிக்கிறார். ஜெர்மன் கடற்படையில் சேரச் சொல்லி உத்தரவும் வருகிறது. போர்க்களத்தை ஒரு முறைகூடக் காட்டாமலே அச்சத்தை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

உண்மைக் கதை சற்று வேறு. படத்தில் நாடு பறிபோகும் வேளையில் மணக்கும் மரியாவும் கேப்டனும் நிஜத்தில் 1927லேயே மணந்துகொண்டவர்கள். படத்தில் வருவதுபோல் குடும்பம் மலையேறித் தப்பவில்லை, இத்தாலிக்கு ரயிலில் போனது. சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைக் கடந்தால் ஜெர்மனிக்குள்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும்! இருந்தும் எனக்கு இதில் குறையில்லை. வீட்டைவிட்டுப் போகிறவர்களின் நெஞ்சுச் சுமையைப் படம் பொய்யாக்கவில்லை.

(திரையில்: எடல்வைஸ் மலர், நெருக்கத்தில்)

இப்போது ‘எடல்வைஸ்’. இதை ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்புறப் பாடல் என்று நம்புகிறவர்கள் ஏராளம். உண்மையில் 1959இல், இந்தப் படத்துக்கு மூலமான மேடை நாடகத்துக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்தது. ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாடல் இது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். மலையில் பூக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பூவிடம் ‘என் தாய்நாட்டை வாழ்த்து’ என்று கேட்கிற வரிகள், அவ்வளவுதான்.

படத்தில் இது இரண்டு முறை வருகிறது. முதல் முறை வீட்டுக் கூடத்தில். மரியா கிதாரைக் கையில் கொடுக்க, கேப்டன் மெல்லப் பாடுகிறார், லீசலும் சேர்ந்துகொள்கிறாள். அப்போது அது ஒரு தகப்பனின் பாட்டு.

இரண்டாம் முறை, பாறையைக் குடைந்து அமைத்த சால்ஸ்பர்க்கின் திறந்த அரங்கில். நாடு கைமாறிவிட்டது. அன்றிரவே தப்பிக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். கேப்டன் கிதாரோடு தனியாக நிற்கிறார். தாய்நாடு என்ற சொல்லுக்கு வரும்போது குரல் உடைந்து நின்றுபோகிறது. மரியா அருகில் வந்து விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுக்கிறாள். குழந்தைகள் சேர்கிறார்கள். அவர் கூட்டத்தை நோக்கிக் கையசைக்க, அரங்கம் முழுவதும் பாடுகிறது.

முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருப்பவர்கள் மட்டும் வாய் திறக்கவில்லை.